சுவருக்கு வாய் வைப்பதற்கு முன்

ரெட்டியார்பாளையத்துக்கு அப்பால் என் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். செங்கல் வேலை முடிந்து, கீழ்த்தளக் கூரைக்குச் சென்ட்ரிங் அடித்திருந்த வாரத்தில், கையில் டேப்லெட்டுடன் ஓர் இளைஞர் வந்தார். வீடு முழுவதும் பாட்டுக் கேட்கும் ஏற்பாடு அவருடைய வியாபாரம். கூடம், சமையலறை, படுக்கையறைகள், குளியலறை, மொட்டைமாடி என்று எட்டு இடத்தில் ஸ்பீக்கர். எதற்கும் பாட்டுக் கம்பி கிடையாது. கைப்பேசியில் தொட்டால் போதும். விலைப்புள்ளி நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மருமகளுக்குப் பிடித்துவிட்டது. மகன் முன்பணம் அனுப்பக் கைப்பேசியை எடுத்தான். "கொஞ்சம் பொறு" என்றேன்.

முப்பத்தைந்து ஆண்டு அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். விலைப்புள்ளியைப் பார்த்தால் கடைசி வரியைப் பார்க்க மாட்டேன். அதில் எழுதாமல் விட்டது என்ன என்றுதான் பார்ப்பேன். அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, நாளைக்கு உங்கள் கம்பெனி இந்த ஆப்பை நிறுத்திவிட்டால் இந்த ஸ்பீக்கர் பாடுமா?"

அவர் சிரித்தார். "அப்படியெல்லாம் நிறுத்த மாட்டாங்க சார்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கோப்பில் இப்படிப் பதில் வந்தால் "மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவோம்.

புது வீடு கட்டும் பிள்ளைகளை உடைய நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு முழுவதும் பாட்டுக் கேட்பது தவறே இல்லை. நானே அதை விரும்புகிறவன். ஆனால் ஐம்பது வருடம் நிற்கப்போகும் வீட்டின் வாயை, ஐந்து வருடம் நிற்குமா என்று தெரியாத ஓர் ஆப்பின் கையில் ஒப்படைப்பது தவறு.

'கம்பியில்லாதது' என்ற சொல்லைக் கேட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகள் மயங்குகிறார்கள். எனக்கு அது பழைய சொல். என் சிறுவயதில் பிரெஞ்சு படித்த வீடுகளில் ரேடியோவை 'தே எஸ் எஃப்' என்பார்கள். கம்பியில்லாத் தந்தி என்று பொருள். எங்கள் வீட்டு தே எஸ் எஃப் கூடத்து மரப்பலகையில் இருந்தது. வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இலங்கை வானொலி வரும். அந்த ஒரே பெட்டி சமையல்கட்டிலும் கேட்டது, கிணற்றடியிலும் கேட்டது, திண்ணையில் படுத்திருந்த தாத்தாவுக்கும் கேட்டது. காரணம் நடுவில் இருந்த முற்றம். எல்லா அறையும் தாழ்வாரத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. அதிகச் சத்தம் வானத்துக்குப் போய்விடும், எதிரொலி கிடையாது. பாட்டி எட்டிப் போய் ஒரு குமிழைத் திருகினால் வீடு முழுவதும் அமைதியாகும். எந்தக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை.

இன்றைய வீட்டில் முற்றம் இல்லை. அறைக்கு அறை கதவு, தரையில் வழவழப்பான டைல்ஸ், சன்னலில் கண்ணாடி. ஒரு பெட்டியை உரக்க வைத்தால் கூடத்தில் காது அடைக்கும்; சமையலறையில் இரைச்சல் மட்டும் கேட்கும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்பீக்கர் மெதுவாகப் பாடுவது நியாயமான ஏற்பாடுதான். அதிலும் நம் வயதுக்கு அது மிகவும் வேண்டியது. வயதானால் முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகள் மங்கிவிடும். அப்போது சத்தத்தைக் கூட்டினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது. பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டால் தெளியும். என் மனைவிக்கு இடது காது மந்தம். அவளுக்கு வேண்டியது அடுப்பிலிருந்து ஐந்தடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். கூடத்தில் முழங்கும் பெரிய பெட்டி அல்ல.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்பதைச் சொல்கிறேன். என் பிரிவில் வேலை பார்த்த மூத்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய வீட்டில் இப்படி ஓர் ஏற்பாடு செய்தார். கூரையில் ஆறு வட்டச் சல்லடைகள். காலை ஆறு மணிக்குத் தானாகப் பக்திப் பாட்டு, ஏழே காலுக்குச் செய்தி. போகிறவர்களையெல்லாம் உட்கார வைத்துப் பெருமையாகக் காட்டுவார். திடீரென்று ஒருநாள் காலமானார். காரியம் முடிந்து சில வாரம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பெட்டி பேச மாட்டேங்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். கணக்கு அண்ணனின் கைப்பேசி எண்ணில் இருந்தது. அந்த எண்ணைப் பிள்ளை திருப்பிக் கொடுத்துவிட்டான். கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. விற்ற கம்பெனிக்குப் பேசினேன், எழுதினேன். குடும்ப ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்க அலைந்த அளவுக்கு இதற்கும் அலைந்தேன். கடைசியில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அந்த மாடலைப் புதிய ஆப் ஏற்காது என்றார்கள். ஸ்பீக்கர் கெடவில்லை. கருவி கெடவில்லை. ஆனால் வீடு ஊமையாகிவிட்டது. அந்த ஆறு சல்லடைகளும் இன்றும் கூரையில் இருக்கின்றன. நான் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ வாங்கிக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அண்ணி அதைத் திருகிப் பார்த்துவிட்டு, "இது போதும் தம்பி. இதைத் திருப்ப எனக்குத் தெரியும்" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதைதானே என்று மகன் சொன்னான். உலகம் அறிந்த மூன்றைச் சொன்னேன்.

ஸ்குவீஸ்பாக்ஸ் என்று ஒரு பாட்டுக் கருவி, லாஜிடெக் நிறுவனத்துடையது. அந்த வரிசையை 2012-ல் கைவிட்டார்கள். அதற்கு உயிர் கொடுத்த இணையச் சேவையை 2024-ல் மூடினார்கள். ஆனாலும் அந்தப் பெட்டிகளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டிருந்ததே காரணம். ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது சோனோஸ். வீடு முழுவதும் பாட்டு என்றாலே உலகம் முதலில் சொல்லும் பெயர். 2024 மே மாதம் ஆப்பை அடியோடு மாற்றினார்கள். அலாரம், தூங்கும் நேரத்தில் தானாக நிற்கும் வசதி போன்றவை முதலில் வந்த புதிய ஆப்பில் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். தலைவர் பாட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியை விட்டும் போனார். கருவி அவரவர் வீட்டில் இருந்தது, சாவி கம்பெனியிடம் இருந்தது.

மூன்றாவது கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ. 2015-ல் வந்தது, 2019-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் ஒருநாள் உலகமெங்கும் அது வேலை செய்யாமல் போனது. உள்ளே வைத்திருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் கெடு முடிந்துவிட்டதாம்! சில நாளில் சரிசெய்தார்கள் என்பது வேறு விஷயம். ஓய்வூதியர்களான நாம் ஆண்டுதோறும் வரிசையில் நின்று உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம். பாட்டுப் பெட்டியும் கொடுக்க வேண்டுமென்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆகவே என் கொள்கை இது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆயுள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். சுவருக்கு ஐம்பது வருடம். சுவருக்குள் போகும் பைப்புக்கும் நல்ல செம்புக் கம்பிக்கும் அதே அளவு. ஸ்பீக்கருக்கு இருபது வருடம். கூம்பைச் சுற்றிய விளிம்பு ரப்பராக இருந்தால். ஃபோம் விளிம்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடிந்து உதிரும். ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து, பதினைந்து. இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் சின்னப் பெட்டிக்கு ஐந்து வருடம் வந்தால் லாபம். நீண்ட ஆயுள் உள்ளதைக் குறைந்த ஆயுள் உள்ளதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். சின்னப் பெட்டி செத்தால் அதை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருக வேண்டும். கூரையைத் தொடக்கூடாது.

இதை எப்படிச் செய்வது என்று நான் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த பலகை. பிறகுகூடத் துளை போட்டுக் கம்பியை இழுத்துக்கொள்ளலாம். வைஃபையும் சுலபமாக ஊடுருவும். நம்முடையது செங்கல்லும், கம்பி கட்டிய கான்கிரீட்டும். வைஃபை இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். கூரை கான்கிரீட்டில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கர் வைக்கவும் முடியாது. ஜிப்சம் கூரை போடுகிறவர்களுக்கே அது பொருந்தும். மற்றவர்களுக்குச் சுவரில் மாட்டும் ஸ்பீக்கர்தான் சரி. அதற்கான பைப்பைக் கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பு கூரையிலும், பூச்சு வேலைக்கு முன்பு சுவரிலும் போட்டுவிட வேண்டும். வீடு முடிந்த பிறகு காடி அடித்தால் செலவும் தூசியும் பத்து மடங்கு.

அடுத்தது கம்பி. செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்கிறார்கள். சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 20 மீட்டர் தொலைவு என்றால் போக வர 40 மீட்டர். ஏறக்குறைய அரை ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஆறு சதவீதம். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 ஓம், நான்கு சதவீதத்துக்குள் அடங்கும். தூர அறைக்குத் தடித்த கம்பி, பக்கத்து அறைக்கு மெல்லிய கம்பி. அவ்வளவுதான். மின்சாரக் கம்பி போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். ஓரடியாவது தள்ளித் தனிப் பைப்பில் போகட்டும். இல்லாவிட்டால் ரீங்காரம் கேட்கலாம். சுவருக்குள் இணைப்பே கூடாது. நம் கடற்காற்றில் செம்பு முனை பச்சை பூக்கும். இணைப்புகள் கை எட்டும் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஆம்ப்ளிஃபயரில் எல்லா ஸ்பீக்கரையும் கோத்துவிடும் எலக்ட்ரீஷியன் தம்பிகள் இருக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம். நான்கு போட்டால் 2 ஓம். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் குறைந்தபட்சம் 4 என்றோ 8 என்றோ அச்சிட்டிருக்கும். 2 ஓமைத் தலையில் கட்டினால் சூடேறிப் போய்ச் சேரும். அறைக்கு ஒரு ஜோடி வழி உள்ள பலவழி ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். அல்லது பள்ளிக்கூடம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் போடும் 100 வோல்ட் முறை இருக்கிறது. ஒரே ஜோடிக் கம்பியில் பல ஸ்பீக்கர். ஒவ்வொன்றிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழ். விலை மலிந்த டிரான்ஸ்ஃபார்மரில் மத்தள ஒலி கொஞ்சம் மெலியும். பேச்சுக்கும் செய்திக்கும் சமையலறைப் பாட்டுக்கும் அது தாராளம்.

நான்காவது, இதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒவ்வோர் அறையிலும் சுவரில் ஒரு குமிழ் வேண்டும். கூட்ட, குறைக்க, நிறுத்த. கண்ணாடி போடாமல், இருட்டில், ஈரக் கையோடு போய்த் திருகுகிற மாதிரி. ஆப் இருந்தால் இருக்கட்டும், அது இரண்டாவது. வீட்டில் இருக்கும் மூத்தவர் தன் அறைச் சத்தத்தைக் குறைக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருந்தால் அது வசதி அல்ல, அவமதிப்பு.

ஐந்தாவது, 'பேசினால் கேட்கும்' ஸ்பீக்கர். சுவருக்கும் காது உண்டு என்று தமிழில் சொல்கிறோம். அதே பழமொழியை எங்கள் பிரெஞ்சு வாத்தியாரும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மொழியிலும் அது எச்சரிக்கைதான். அந்தக் காதைக் காசு கொடுத்து வாங்கிப் படுக்கையறையில் மாட்டுகிறோம். எனக்கு வேண்டாம். படுக்கையறைக்கு ஸ்பீக்கரே வேண்டாம் என்பது என் கட்சி. வீடு முழுவதும் என்றால் எல்லா அறையும் என்று பொருளல்ல.

மறுதரப்பையும் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த வீடு, வாடகை வீடு என்றால் கம்பியில்லாததே வழி. அதில் எனக்கு மறுப்பில்லை. "இந்தக் காலத்தில் ரேடியோ யார் கேட்கிறார்கள், எல்லாம் இணையத்தில் வருகிறதே" என்றான் மகன். நானும்தான் கேட்கிறேன். காலையில் பிரெஞ்சு வானொலி எனக்கு இணையத்தில்தான் வருகிறது. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரமும் போயிற்று, இணையமும் போயிற்று. பேட்டரி ரேடியோதான் பேசியது. அதனால்தான் சொல்கிறேன்: ஆம்ப்ளிஃபயரோடு ஓர் எஃப்எம் டியூனர், மொட்டைமாடிக்கு ஓர் ஆன்டெனா கேபிள், இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பிளக். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு அந்த ஆன்டெனாவையும் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். மற்ற நாளிலும் வேலை இல்லாதபோது சுவிட்சை அணையுங்கள். சும்மா இருக்கையிலேயே 20 வாட் இழுக்கும் கருவி வருடத்துக்கு 175 யூனிட் தின்னும்.

விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இணையம் இல்லாமல் இது பாடுமா? வேறு கம்பெனி ஆம்ப்ளிஃபயரில் இந்த ஸ்பீக்கரை மாட்டலாமா? கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் அடுத்த நாள் காலை என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம் வயதில் அதுதான் முக்கியமான கேள்வி.

எங்கள் வீட்டில் முன்பணம் போகவில்லை. அந்த இளைஞருக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பினோம். எலக்ட்ரீஷியன் இரண்டு நாளில் ஐந்து இடங்களுக்குப் பைப் போட்டார். பைப், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து அந்த விலைப்புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் இன்னும் வாங்கவில்லை. கையில் பணம் வரும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம், அவசரமில்லை. அவசரம் கான்கிரீட்டுக்கு மட்டும்தான். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பைப்பையும் டேப் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டேன். பழக்க தோஷம்.

கான்கிரீட் போடும் நாளுக்கு முதல்நாள் மாலை என் மனைவியை அழைத்துப் போனேன். சமையலறைக் குமிழ் எங்கே வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். மகன் சுவிட்ச் உயரத்தைக் காட்டினான். அவள் அதைக் கேட்கவில்லை. அடுப்புமேடை வரும் இடத்தில் நின்று, பாத்திரம் கிளறுகிற மாதிரி வலது கையை வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். "இங்கே போடுங்க தம்பி" என்றாள். அந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.